மல்லாட்டைத் தோலில் ஓடிய நீர்மூழ்கி

நான் பாய்லர்காரன். ஐந்தாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. கல்லூரி மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், பாய்லர் வேலைக்கு வரும் பிள்ளைகள் படிப்பார்கள் என்று கலைவாணி மேடம் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. மேடம் வந்த நாள்

திண்டிவனத்தில் ஒரு அரிசி ஆலையில் வேலை பார்த்தேன். நெல் அவிக்க நீராவி வேண்டும். அதைக் கொடுப்பது என் வேலை. அடுப்பில் உமி தள்ளவேண்டும். கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டம் பார்க்கவேண்டும். பிரஷர் ஏறினால் இறக்கவேண்டும், இறங்கினால் ஏற்றவேண்டும். பேச்சு தேவையில்லாத வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

ஆலை கைமாறியது. வாங்கியவர் பாய்லரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். நான் விழுப்புரம் வந்து, அக்கா வீட்டுக்காரர் அந்தோணியின் வெல்டிங் ஷெட்டில் சேர்ந்தேன்.

அங்கேயும் வேலை இல்லை. கேட்டும் கிரில்லும் ஜனங்கள் ரெடிமேடாக வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தோணி மாமா தினமும் ஒரே பேச்சு.

"ஆடி பொறந்தா ஷெட்டக் காலி பண்ணிடலாம் மச்சான். திருப்பூர்ல வெல்டருக்கு ஆள் கேக்கறாங்க."

உள்ளே இருந்து லூர்து அக்கா குரல் வரும். "நீ போ. சட்டி பானைய தூக்கிக்கினு ஊரு ஊரா அலைய என்னால ஆவாது."

"நீ வராம சோறு யாரு ஆக்கறது?"

"திருப்பூர்ல ஓட்டல் இல்லியா?"

இப்படி ஒரு காலையில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு அம்மா இறங்கினார். கையில் சுருட்டிய வரைபடம். மயிலம் ரோட்டில் இருக்கும் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவர். அவர்தான் கலைவாணி மேடம்.

"இங்க பாய்லர் வேலை தெரிஞ்சவர் இருக்காராமே?"

மாமா என்னைக் காட்டினார். "வெல்டிங் நானு. பாய்லர் இவரு. வாய் பேசாது. காது நல்லா கேக்கும்."

மேடம் பெஞ்சின் மேல் வரைபடத்தை விரித்தார். மாமா குனிந்து பார்த்தார்.

"இன்னா மேடம், சுருட்டு படம் போட்டிருக்கீங்க?"

"கப்பல்ங்க."

"கப்பல் மேல பொகக்கூண்டு இருக்குது. சரி. இது இன்னா, கதவெல்லாம் இறுக்கி மூடியிருக்கு?"

"தண்ணிக்குள்ள முழுகுற கப்பல். நீராவியில ஓடுறது."

மாமா என்னைப் பார்த்தார். நான் அன்றைக்கு வாய் திறந்து கேட்டது ஒன்றுதான்.

"தண்ணிக்குள்ள தீ எப்படிம்மா எரியும்?"

மேடம் சிரித்தார். "எரியாதுண்ணா. அதுலதான் அவங்க மூளைய போட்டாங்க."

2. மேடம் சொன்ன கதை

இது நூறு வருஷத்துக்கு மேல் பழைய கதை. டீசல் கப்பலுக்கு வரும் முன்பு நடந்தது. இங்கிலாந்தில் ஒரு பாதிரியார். அவருக்கு முழுகும் கப்பல் மேல் பைத்தியம். ஒன்று கட்டினார்.

தீயை மூட்டு. பாய்லர் தண்ணீரை நன்றாகச் சூடேற்று. பிரஷர் வந்ததும் அடுப்புக் கதவை மூடு. புகைபோக்கியை அடை. அப்புறம் முழுகு. தீ இல்லாவிட்டாலும் தண்ணீருக்குள் சூடு இருக்கிறது. வால்வைத் திறக்கத் திறக்க அது நீராவியாக வந்துகொண்டே இருக்கும். அந்தச் சூடு தீரும்வரை ஓடலாம். அவ்வளவுதான் யோசனை.

இது எனக்குச் சட்டென்று புரிந்தது. ஆலையில் உமி தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நெல் வெந்துகொண்டிருக்கும்.

மாமாவுக்கு வேறு சந்தேகம். அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்.

"ஃபாதரு கப்பல் செஞ்சிக்கினு இருந்தா, ஞாயித்துக்கிழமை பூசை யாரு வெச்சது?"

"அவங்க அப்பாவும் பாதிரியாராம். அவரு பாத்துக்கிட்டாரு போல."

"குடுத்து வெச்ச மனுசன்."

அந்தக் கப்பலை வேறு ஒரு கப்பலில் கட்டி இழுத்துப் போகும்போது புயலில் முழுகிப்போனது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. பாதிரியார் விடவில்லை. பீரங்கி, துப்பாக்கி செய்யும் சுவீடன் நாட்டு முதலாளி ஒருவர் கூடச் சேர்ந்தார். இருவரும் கிரேக்க நாட்டுக்கு ஒன்று செய்தார்கள். பிறகு துருக்கி சுல்தானின் கடற்படைக்கு. எங்களுக்கு வந்த வரைபடம் அந்தத் துருக்கிக் கப்பல்.

நூறடி நீளம். இங்கிலாந்தில் செய்து, துண்டு துண்டாக வேறு கப்பலில் ஏற்றி, இஸ்தான்புல்லில் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். தண்ணீருக்கு அடியில் இருந்தபடியே டார்பிடோ விட்ட முதல் கப்பல் அதுதான் என்கிறார்கள்.

அதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தக் கப்பல் தானாக முழுகாது. எப்போதும் கொஞ்சம் மிதக்கிற மாதிரிதான் எடை வைத்திருந்தார்கள். கீழ்நோக்கி இழுக்க இரண்டு விசிறி. நீராவியில் விசிறி சுற்றினால் கப்பல் கீழே போகும். விசிறி நின்றால் மேலே வந்துவிடும். ஆள் சாகமாட்டான்.

கெட்ட குணமும் இருந்தது. உள்ளே தொட்டிகளில் தண்ணீர் அரைகுறையாக நிற்கும். கப்பல் லேசாகச் சாய்ந்தால் தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடும். கப்பல் இன்னும் சாயும். மூக்கு வானத்தைப் பார்க்கும், வால் கீழே போகும். உள்ளே சூடு வேறு. மாலுமிகள் ஏறவே பயந்தார்கள். கடைசியில் கரையில் கிடந்து துருப்பிடித்தது.

மேடம் மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்துப் பெண். அப்பா படகில் போகிறவர். அவர் சொன்னதையும் மேடமே சொன்னார். "படகு மேல மெதந்தாலே நாங்க சாமி கும்புடுறோம். நீ முழுகுறதுக்கா படிச்சேன்னு கேக்கறாரு."

விஷயம் இதுதான். கல்லூரி சேர்மன் பழைய இயந்திரங்களுக்கு ஒரு பெரிய ஹால் கட்டியிருந்தார். நிற்கும் பொம்மை வேண்டாம், எல்லாம் ஓடும் மாடலாக இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. சென்னையில் ஒரு கம்பெனியைப் பேசி வைத்திருந்தார். மேடம்தான், நம் ஜில்லாவிலேயே ஆள் இருக்கிறது என்று வாதாடியிருக்கிறார்.

"மொதல் மாடல் மட்டும் உங்ககிட்ட. ஹால் தெறப்பு விழா அன்னிக்கு, காலேஜ் கொளத்துல இந்தக் கரையில முழுகி அந்தக் கரையில எழுந்தா, மீதி மாடல் எல்லாம் இந்த ஷெட்டுக்கு. இல்லன்னா சென்னைக்கு. சேர்மன் வாயால சொல்லிட்டாரு."

மேடம் போனதும் அக்கா வெளியே வந்தது. வரைபடத்தைப் பார்த்தது. "இந்தச் சுருட்டு ஓடிச்சின்னா திருப்பூர் போவ வேணாம். அப்படித்தான?"

மாமா தலையாட்டினார்.

"அப்ப இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கறீங்க ரெண்டு பேரும்?"

3. குடத்தில் போட்ட இலை

ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும்படி கப்பலைச் செய்தோம். தகட்டை மாமா வளைத்தார். பாய்லருக்கு நல்ல சீம்லெஸ் பைப் எடுத்தோம். இன்ஸ்பெக்டர் பார்க்கவேண்டிய அளவுக்குப் பெரிய பாய்லர் இல்லை. இருந்தாலும் உள்ளே தண்ணீரை அழுத்தி ஏற்றிக் கசிவு பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் செய்யாமல் தீ வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு தடவை செய்தேன். சேஃப்டி வால்வும் நானே செட் பண்ணினேன். சின்ன பாய்லர் என்று யாரும் விளையாடாதீர்கள். நீராவிக்குச் சின்னது பெரியது தெரியாது.

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் முதல் சோதனை. கரியைப் போட்டுப் பிரஷர் ஏற்றி, அடுப்பை மூடி, புகைபோக்கியை மடக்கினோம். விசிறி சுற்றியது. கப்பல் அழகாக இறங்கியது. அப்புறம் வாலைக் கீழே விட்டு, மூக்கைத் தூக்கி, நட்ட கம்பம் மாதிரி நின்றுவிட்டது.

மேடம் கை தட்டினார். "துருக்கிக்காரங்க கப்பலும் இப்படியேதான் பண்ணிச்சு!"

"சந்தோசப்படற விஷயமா மேடம் இது?" என்றார் மாமா.

அப்போது அக்கா தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்து வந்தது. குடத்துத் தண்ணீரில் ஒரு பூவரச இலை மிதந்தது. இலை போட்டால் நடக்கும்போது தண்ணீர் தளும்பாது. எங்கள் பக்கம் பெண்கள் எல்லோரும் போடுவார்கள். கம்பம் மாதிரி நின்ற கப்பலை அக்கா பார்த்தது.

"உள்ள தண்ணி ஓடுதா?"

"ஆமா."

"இலை போடு."

மேடம் ஒரு நிமிஷம் அக்காவைப் பார்த்துவிட்டு, வரைபடத்தின் அடுத்த தாளைப் புரட்டிக் காட்டினார். கப்பலுக்குள் இருக்கும் தொட்டிகளில் தடுப்புத் தகடுகள் வரைந்திருந்தார். ஓட்டை போட்ட தகடுகள். டேங்கர் லாரிக்குள் இருக்குமே, அதே மாதிரி.

"மொதல்ல அசல்ல இருந்த தப்போட ஓட்டிப் பாக்கணும்னு ஆச. அதான் இதக் காட்டல. இது நீங்க சொன்ன இலைதாங்க்கா. இரும்புல."

"இரும்புல இலையா? பாரம்மா," என்றது அக்கா. ஆனால் முகத்தில் சிரிப்பு.

தகடுகளைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்தோம். கழற்றினால் அந்தக் காலத்துக் கப்பல். மாட்டினால் எங்கள் கப்பல். மாட்டிவிட்டு மறுபடி முழுக விட்டோம். தண்ணீருக்குள் மட்டமாகப் போய், தொட்டியின் அடுத்த சுவரில் தலையை இடித்துக்கொண்டு எழுந்தது. மாமா என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் குத்தினார். வலித்தது.

4. முதல் ஸ்டீம்

ஆலைகளில் ஒரு வழக்கம் உண்டு. புது பாய்லரில் முதல் ஸ்டீமை வேலைக்கு எடுக்கமாட்டார்கள். விசில் ஊதி வெளியே விடுவார்கள். அது சாமிக்கு. இந்துவோ கிறிஸ்தவனோ பாயோ, எந்த ஆலையானாலும் அப்படித்தான். அதன் பிறகுதான் மெயின் வால்வைத் திறப்பார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் மாமா பித்தளைக் குழாயில் ஒரு விசில் கடைந்து கொண்டுவந்து பாய்லர் தலையில் மாட்டினார்.

நான் சொன்னேன். "ஊதுங்க. ஆனா அடுப்ப மூடறதுக்கு முன்ன ஊதிடுங்க மாமா."

"எனக்குத் தெரியாதா மச்சான்?"

கல்லூரிக்குப் பின்னால் பெரிய மழைநீர்க் குளம். நாலு பக்கமும் சிமெண்டுக் கரை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தண்ணீருக்குள் ஒரு கம்பி கட்டினோம். கப்பலின் வயிற்றில் இருக்கும் வளையங்கள் அந்தக் கம்பியில் கோத்திருக்கும். வழி தவறாது. நான் அந்தக் கரையில் கம்பியை இழுத்துப் பிடித்து நின்றேன். இந்தக் கரையில் மாமாவும் அக்காவும் மேடமும்.

சேர்மன் வரத் தாமதமாகிவிட்டது. மேடம் மைக்கில் பாதிரியார் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பிரஷர் ஓடத் தேவையான நாலு கிலோவுக்கு வந்தது. காத்திருந்து பார்த்து, இனி ஆரம்பித்துவிடலாம் என்று அடுப்பை மூடிப் புகைபோக்கியையும் மடக்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து பேண்டு மேளத்தோடு சேர்மன் வந்தார்.

மாமாவுக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. முதல் ஸ்டீம் இன்னும் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். சிலுவை போட்டுக்கொண்டு விசில் கைப்பிடியை இழுத்தார்.

கூட்டம் கை தட்டியது.

சேர்மன் மைக்கில் சொன்னது எனக்கே கேட்டது. "அடடா! எங்க தாத்தா காலத்து மில்லு சத்தம்யா! இன்னொரு வாட்டி ஊது!"

மாமா ஊதினார். பிள்ளைகள் விசிலடித்தார்கள். சேர்மன் தானே வந்து கைப்பிடியைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். அப்புறம் அவர் பேரனைத் தூக்கி இழுக்க வைத்தார்.

ஆலையில் எவ்வளவு ஊதினாலும் கவலையில்லை. அடியில் தீ இருக்கிறது. இறங்கின பிரஷர் ஏறிக்கொள்ளும். இங்கே தீயை மூடியாகிவிட்டது. உள்ளே இருப்பதுதான் இருப்பு.

"மாமா, போதும்! ஊதாதீங்க!" என்று கத்தினேன். பேண்டு சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நான் கையை ஆட்டியதைப் பார்த்துவிட்டு மாமாவும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

மெயின் வால்வைத் திறந்தார்கள். கப்பல் முழுகியது. கூட்டம் அடங்கியது. என் கையில் கம்பி அதிர்ந்தது. கப்பல் வருவது கம்பியில் தெரியும். வந்தது, வந்தது. அப்புறம் அதிர்வு நின்றுவிட்டது.

நடுக்குளத்தில் கப்பல் எருமை மாதிரி முதுகைக் காட்டி எழுந்தது. அப்படியே நின்றது.

5. சேர்மன் கையில் மல்லாட்டை

கயிறு கட்டிக் கப்பலைப் பழைய கரைக்கு இழுத்தார்கள். நான் சுற்றிக்கொண்டு ஓடினேன். மாமா விசிலையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. "ஊது ஊதுன்னா ஊதுவியா? குதிங்கன்னா கொளத்துல குதிப்பியா?"

சேர்மன் கேட்டார். "இன்னாம்மா, பாதியிலயே எழுந்துடுச்சு?"

மேடம் நேராகப் பதில் சொன்னார். "நீராவி தீர்ந்தா தானா மேல வரணும் சார். அசல் கப்பலும் அப்படித்தான். அது எழுந்தது சரி. ஓடாததுதான் தப்பு."

"அந்தக் கரைக்குப் போவணும்னு நான் சொன்னேன்ல?"

"போவும் சார். மறுபடி சூடு பண்ணணும்."

"நான் திண்டிவனத்துல ஒரு கல்யாணத்துக்குப் போவணும். ஜல்தியா பண்ணுங்க. முடியலன்னா விட்டுடலாம்."

நான் கேஜைப் பார்த்தேன். ஒரு கிலோவுக்கும் கீழே. ஆனால் தண்ணீர் நல்ல சூடு. கொஞ்சம் தீ போதும், ஏறிவிடும். கரிச் சாக்கைத் திறந்தேன். அடியில் தூள்தான் இருந்தது.

"ஒரு தபாதான ஓட்டப் போறோம்னு எடுத்தாந்தேன் மச்சான்," என்றார் மாமா. மெதுவாகச் சொன்னார். "திருப்பூருக்கே போயிடலாம்."

கூட்டம் கலைய ஆரம்பித்தது. சேர்மனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கல்லூரி கேட்டில் தள்ளுவண்டி வைத்திருக்கும் அஞ்சலையம்மா, விழா என்று வண்டியைக் குளக்கரைக்கே கொண்டுவந்திருந்தது. வறுத்த மல்லாட்டை, வேர்க்கடலை என்பார்களே அது. சேர்மன் ஒரு பொட்டலம் வாங்கி உடைத்துத் தின்றுகொண்டு, தோலைக் காலடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

மல்லாட்டைத் தோலை எனக்குத் தெரியும். எண்ணெய் ஆலை பாய்லர்களில் அதைத்தான் போடுவார்கள். காய்ந்த தோல் குப்பென்று பிடிக்கும். இது வறுத்தது. இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

பெரிய மனுஷரிடம் நான் பேசியதில்லை. ஆலையில் முதலாளி எதிரே வந்தால் ஓரமாக நின்றுவிடுவேன். அன்றைக்கு நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஐயா, தோலக் கீழ போடாதீங்க. எனக்கு வேணும்."

சேர்மன் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாது?"

"தோலு. அடுப்புக்கு. நெறைய வேணும்."

அவர் கையிலிருந்த தோலைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் வயிறு குலுங்கியது.

"ஏம்மா, வண்டியில எவ்ளோ இருக்கு?"

"மூட்டையே இருக்குது சாமி," என்றது அஞ்சலையம்மா.

"மொத்தத்தையும் இங்க கொட்டு. ஒருத்தரும் போவக்கூடாது. ஒக்காந்து துன்னுங்க. தோலு கப்பலுக்கு!"

அப்படி ஒரு பந்தியை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள், வாத்தியார்கள், பேண்டுக்காரர்கள், எல்லோரும் குளக்கரையில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்தார்கள். அக்கா முந்தானையில் தோலை வாங்கிக்கொண்டு வரும். நான் அடுப்பில் தள்ளுவேன். தீ சடசடவென்று பிடித்தது. புகைபோக்கியில் வறுத்த வாசனை.

"டேய், பருப்போட போடாத! முழுங்கிட்டுத் தோல மட்டும் குடு!" என்று அக்கா ஒரு வாத்தியாரை அதட்டியது. அவர் டிபார்ட்மென்ட் தலைவர் என்று பிறகுதான் தெரிந்தது. அவர், "சரிம்மா, சரிம்மா" என்றார்.

மேடம் கேஜ் பக்கத்தில் நின்று ஏற ஏறச் சத்தமாகச் சொன்னார். ஒவ்வொரு கிலோவுக்கும் பிள்ளைகள் கத்தினார்கள். நாலு வந்தது. அடுப்பை மூடினேன். புகைபோக்கியை மடக்கினேன். மாமா தன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அக்கா அந்தக் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

சேர்மன் எழுந்து நின்றார். "ஒருத்தரும் விசில தொடக்கூடாது. நானும்தான்."

கப்பல் இறங்கியது. தண்ணீர் மூடிக்கொண்டது. நான் அதற்கு முன்பே மறுபடி சுற்றி ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்திருந்தேன். அதிர்வு வந்துகொண்டே இருந்தது. குளத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாயில் இருந்த மல்லாட்டையைக்கூட யாரும் மெல்லவில்லை. அதிர்வு கிட்டே வந்தது. என் காலுக்குக் கீழே தண்ணீர் கொப்பளித்தது. கறுப்பு மூக்கு மேலே வந்து கரையில் டங்கென்று இடித்தது.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு யார் என்ன கத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. பேண்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலேயே வாசித்தார்கள். மேடம் செருப்பில்லாமல் கரையில் ஓடி வந்தார். மாமா அழுதுகொண்டே சிரித்தார்.

சேர்மன் மாமா தோளைத் தட்டினார். "அடுத்தது இன்னா செய்யப் போறீங்க?"

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னது. "மொதல்ல சோறு துன்னப் போறோம் ஐயா. அப்பறம் நீங்க இன்னா சொன்னாலும் செய்வோம்."

சேர்மன் கல்யாணத்துக்குப் போகவில்லை. எங்களோடு கேண்டீனில் சாப்பிட்டார். மீதி மாடல்கள் எல்லாம் எங்கள் ஷெட்டுக்கு வந்தன. அந்தோணி மாமா திருப்பூர் பேச்சை விட்டுவிட்டார்.

6. பிள்ளைகளுக்கு

பாய்லர் வேலைக்கு வருகிறவர்கள் கேஜ் பார்க்கக் கற்றுக்கொள்வீர்கள். தீ மூடிய பாய்லரில் ஊதக்கூடாது என்பதும் ஒரு நாளில் புரிந்துவிடும். அதையெல்லாம் மேடம் நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்.

எனக்குத் தெரிந்தது ஒன்று. எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் பிரஷர் இறங்கும், கையில் கரி இருக்காது. அப்போது தலையைக் குனிந்து நிற்காதீர்கள். எரியக்கூடியது யார் கையிலாவது இருக்கும். அவர்களுக்கு அது குப்பை. காலடியில் போட்டுக்கொண்டிருப்பார்கள். நாம் கேட்டால் கொடுப்பார்கள். நான் வேலை செய்த இத்தனை வருஷத்தில் ஒரு தடவைதான் ஒருத்தரிடம் எனக்கு இது வேணும் என்று வாய் திறந்து கேட்டேன். முன்பே கேட்டுப் பழகியிருக்கலாம்.